வேர்த்த கண்ணாடி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறு வரை

கடல் கடந்து குளிர்நாடுகளில் குடியேறிய நம் தமிழ் இல்லங்களில், மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையில் எழும் முதற் குரல் பெரும்பாலும் ஒன்றே. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் பின்னிருக்கையில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதே என்ற பதைப்பு ஒருபுறம் இருக்கும். காரின் கண்ணாடியோ பால் பூசினாற்போல் வெளுத்துக் கிடக்கும். "கொஞ்சம் பொறுங்கள், முன்னே ஒன்றும் தெரியவில்லை" என்ற குரல் அப்போது எழும். டொராண்டோ நகரில் இருபது குளிர்காலங்களைக் கழித்துவிட்ட எங்களுக்கு இது புதிதன்று. ஆகவே, கண்ணாடியில் நீர் படிவதைப் பற்றி அறிய வேண்டுவன எல்லாம் அறிந்துவிட்டோம் என்ற செருக்கும் எங்களிடம் இருந்தது. அந்தச் செருக்கு அடங்கியது கனடாவின் பனியில் அன்று. வெயிலுக்குப் பெயர்போன பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஏறிய ஒரு வாடகைக் காரில்தான் அடங்கியது.

கொழிஞ்சாம்பாறையை அறியாத அன்பர்களுக்காகச் சில சொற்கள். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், கோபாலபுரத்து எல்லைச் சாவடிக்கு இப்பால், சித்தூர் வட்டத்தில் உள்ளது அவ்வூர். ஆட்சி கேரளத்தினுடையது, வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்கும் மொழியோ பெரிதும் தமிழ். பழைய கொச்சி அரசின் பகுதியாய் இருந்த சித்தூர், 1956 நவம்பர் 1-இல் கேரளம் அமைந்தபோது அதனுள் அடங்கிற்று. பெயர்ப் பலகைகளில் இரண்டு எழுத்துகளும் அருகருகே நிற்கக் காணலாம். சந்தையில் ஒருவர் மலையாளத்தில் விலை கேட்பார், கடைக்காரர் தமிழில் விடை சொல்வார். இருவருக்கும் அதில் வியப்பு ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் பிள்ளைகளுக்குத்தான் அது வியப்பாக இருந்தது.

கேரளம் என்றவுடன் ஓயாத மழையை நினைப்பவர்கள் இங்கு வந்தால் ஏமாந்து போவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த பெரும் இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். அதன் கிழக்கு வாயிலருகே, மழை குன்றிய பகுதியில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. கருமண் நிலமும், தென்னந்தோப்பும், நிரை நிரையாய் நிற்கும் பனையும் பார்த்தால் கொங்கு நாட்டின் தொடர்ச்சி என்றே தோன்றும். பாசனத்துக்கு ஆழியாற்று நீரை எதிர்பார்த்திருக்கும் மண் இது. அந்நீரைப் பங்கிடுவது பற்றி இரு மாநிலங்களும் 1970-இல் கையெழுத்திட்ட உடன்படிக்கையைப் பற்றித் தேநீர்க் கடையில் இன்றும் சூடாகப் பேசுகிறார்கள். அந்நீர் வந்து சேரும் சித்தூர்ப்புழைக்குக் கண்ணாடிப்புழை என்று இன்னொரு பெயரும் உண்டு. கண்ணாடியைப் பற்றி எழுதப் புகுந்த எங்களுக்கு இப்பெயர் வாய்த்தது நல்ல சகுனம் போலும்!

கார்த்திகை தொடங்கி மாசி வரை கணவாயின் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். சன்னலைத் திறந்து வைத்தால் மேசையில் புழுதி படியும், உதடு வெடிக்கும், துவைத்த வேட்டி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அத்தையின் வீட்டில் நாங்கள் தங்கியிருந்த நாட்களில் காற்று அடங்கிய இரவுகள் இரண்டோ மூன்றோதான். அந்த இரவுகளுக்குப் பின் வந்த காலையில், முற்றத்தில் நிறுத்தியிருந்த காரின் கூரையிலும் கண்ணாடியிலும் முத்து முத்தாய்ப் பனி படிந்திருந்தது. புளியமரத்தடியில் நின்ற அண்டை வீட்டுக்காரரின் காரிலோ ஒரு துளியும் இல்லை. "மரம் பனியைக் குடித்துவிட்டதா?" என்று எங்கள் இளைய மகள் கேட்டாள்.

அவள் கேட்ட கேள்விக்கு விடை கண்டவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற இலண்டன் மருத்துவர். பனி வானத்திலிருந்து பெய்கிறது என்று பலரும், மண்ணிலிருந்து எழுகிறது என்று வேறு பலரும் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இரவிரவாகத் தோட்டத்தில் கம்பளித் துணுக்குகளைப் பரப்பிவைத்து, அவை ஏற்ற ஈரத்தை நிறுத்துப் பார்த்து, 1814-இல் பனியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார் அவர். மேகமற்ற, காற்றசையாத இரவில் பொருள்கள் தம் வெப்பத்தை வெட்டவெளி வானத்துக்கு விட்டுவிட்டுச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்து போகின்றன. அவ்வாறு குளிர்ந்த பொருளைத் தொடும் காற்று, தன்னிடமுள்ள நீராவியைத் தாங்கமாட்டாமல் நீராக விட்டுவிடுகிறது. மேலே மரக்கிளையோ ஓலைக் கொட்டகையோ இருப்பின் வெப்பம் அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை, பனியும் படிவதில்லை. கண்ணாடியின்மேல் ஒரு பழைய போர்வையை விரித்துவைத்தாலும் இதே பயன் உண்டு.

ஆனால் இது வெளிப்புறத்துப் பனி. வைப்பரை இருமுறை ஓட்டினால் போய்விடும். எங்களை அச்சுறுத்தியது உட்புறத்துப் பனி.

பிள்ளைகள் மூணாற்றில் உறைபனி பார்க்க வேண்டும் என்றார்கள். கனடாவில் பார்க்காத உறைபனியா என்று நாங்கள் நகைத்தோம். "நம் ஊர் உறைபனி வேறு அப்பா" என்றான் மூத்தவன். அவன் சொல்லியதிலும் ஒரு நியாயம் இருந்தது. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அருகே ஆனைமுடி 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. 2019 சனவரி முதல் வாரத்தில் மூணாற்றைச் சூழ்ந்த தோட்டங்களில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கி, புல்வெளியெல்லாம் உப்பு வயல்போல் வெளுத்துக் கிடந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். விடியலில் புல்லின்மேல் பனிக்கட்டி மின்னும். இத்தகைய குளிரில்தான் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்து வாழ்ந்துவருகின்றன.

ஆறு பேர் புறப்பட்டோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அத்தை, கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த இளைஞரான ஓட்டுநர். கோபாலபுரம் கடந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பின்பு சின்னாற்றுக் காட்டு வழியே மறையூர். உடுமலையிலிருந்து மூணாறு வரை சாலை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். புறப்பட்ட பகுதியில் காற்றும் புழுதியும் மிகுதியாக இருந்தமையால், வெளிக்காற்று உள்ளே வராதபடி ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்திவைத்தார். காருக்குள் உள்ள காற்றையே மீண்டும் மீண்டும் சுழலச் செய்யும் பொத்தான் அது. வட்டமாய் வளைந்த அம்புக்குறி ஒன்று அதன்மேல் வரைந்திருக்கும். சமவெளியில் அவர் செய்தது சரியே. மலையில் அதை விடுவிக்க அவரும் மறந்தார், நாங்களும் மறந்தோம்.

சின்னாற்றுக் காட்டைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். கேரளத்திலுள்ள காடு என்று சொன்னால் நம்ப முடியாதபடி முள்ளும் கள்ளியும் நிறைந்த வறண்ட காடு. அதனூடே பாம்பாறு கிழக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கிறது. கேரளத்தின் ஆறுகளுள் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்றே. கபினி, பவானி ஆகியவற்றோடு பாம்பாறும் அவற்றுள் ஒன்று. மாலையில் மறையூரை அடைந்தோம். சந்தன மரங்களுக்கும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்துக்கும், பாறைமேல் நிற்கும் பழங்காலக் கற்பதுக்கைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். பிள்ளைகள் கற்பதுக்கையைவிட ஆற்றையே பெரிதும் விரும்பினார்கள். இருட்டும் வரை நீரில் கிடந்தார்கள். நனைந்த துண்டுகளையும் உடைகளையும் பிழிந்து ஒரு மூட்டையாய்க் கட்டி, காரின் பின்புறத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனோம். "இதை விரித்துக் காயப் போடலியா கண்ணு?" என்று அத்தை கேட்டார்கள். களைப்பினால் நாங்கள் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிட்டோம்.

விடியுமுன் ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். மறையூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். அங்கிருந்து மூணாறு வரையுள்ள 40 கிலோமீட்டரும் தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து செல்கிற வழி. குளிருகிறதென்று எல்லாச் சன்னல்களையும் இறுக மூடினோம். ஏ.சி.யை நிறுத்திவிட்டோம், குளிரில் எவர்தான் ஏ.சி. போடுவார்? அத்தை பிளாஸ்கைத் திறந்து சுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார்கள். ஆவி பறந்தது. பிள்ளைகள் கண்ணாடியில் விரலால் யானையும் பூவும் வரைந்து விளையாடினார்கள். அது எச்சரிக்கை என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

தலையாறு கடந்து வாகுவரைப் பக்கம் ஏறியபோது வெளியே மூடுபனி இறங்கிற்று. முன் கண்ணாடியின் ஓரங்கள் முதலில் மங்கின. பின்பு நடுவும் மங்கிற்று. ஓட்டுநர் வைப்பரை ஓட்டினார், பயனில்லை. "கண்ணாடிக்கு வேர்த்திருச்சுங்கண்ணா" என்று சொல்லிப் புறங்கையால் துடைத்தார். துடைத்த இடம் ஒரு நொடி தெளிந்து, அடுத்த நொடி கோடு கோடாய் மேலும் மங்கிற்று. எதிரே வந்த ஒரு வண்டியின் விளக்கொளி அக்கோடுகளில் பட்டுச் சிதறி, கண்ணாடி முழுவதும் ஒரே வெள்ளை ஒளியாய் நிறைந்தது. நாங்கள் பெரிய அறிவாளிகள்போல், "ஹீட்டரைப் போடு தம்பி, உடனே போய்விடும்" என்றோம். அவர் போட்டார். சூடான காற்று குபீரென்று கண்ணாடியில் மோதிற்று. நொடிப்பொழுதில் எஞ்சியிருந்த சிறு தெளிவும் மறைந்துவிட்டது.

அவர் பதறாமல் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. பக்கச் சன்னலை இறக்கித் தலையை நீட்டிப் பார்த்தவர் பேசாமல் அப்படியே இருந்தார். நாங்களும் இறங்கிப் பார்த்தோம். எங்கள் வண்டியின் மூக்குக்கு நான்கு முழத்துக்கு அப்பால், சாலையோரமாய்ப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாய் நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் துணி கட்டியிருந்தார்கள். இடுப்பில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. பெரட்டுக்குப் போகிறவர்கள். முன்னால் நின்ற அம்மா நெஞ்சில் கைவைத்தபடி எங்களைப் பார்த்தார்கள். ஏசவில்லை. "பிள்ளைங்க இருக்குதா உள்ள? மெதுவா போங்க" என்று மட்டும் சொன்னார்கள். அந்தச் சொல் இன்றும் எங்கள் காதில் இருக்கிறது. ஏசியிருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

பின்னால் வந்து நின்ற ஒரு தோட்டத்து ஜீப்பிலிருந்து நடுத்தர வயதுடைய ஒருவர் இறங்கி வந்தார். எங்கள் காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "சார், உள்ள குளிச்சுட்டு வந்தீங்களா? முதல்ல கதவு நாலையும் தொறங்க. அந்த ஈரமூட்டையத் தூக்கி மேல கட்டுங்க. காத்துப் பொத்தானை வெளிக்காத்துக்கு மாத்துங்க. ஏ.சி.யும் போடுங்க, ஹீட்டரும் போடுங்க" என்றார். மூடுபனி நிறைந்த வெளிக்காற்றையா உள்ளே விடுவது என்று அத்தைக்கு ஐயம். எங்களுக்கும் உள்ளூர அதே ஐயம்தான். ஆயினும் அவர் சொன்னபடி செய்தோம். இரண்டு நிமிடத்தில் கண்ணாடி, கண்ணாடியாயிற்று. "எங்க ஜீப்புக்கு இந்தக் கவலையே இல்லை, பக்கமெல்லாம் படுதாதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பழைய அம்பாசடர் கார்களில் முன்கதவோரம் முக்கோணமாய் ஒரு சிறு கண்ணாடி இருந்ததே, நினைவிருக்கிறதா? மழைக்காலத்தில் அதைச் சற்றே திருப்பிவைத்துக்கொண்டு ஓட்டிய அந்நாளைய ஓட்டுநர்களும் இந்த உண்மையை அறிந்தவர்களே.

அந்தப் பெரியவர் இரண்டு வரியில் சொன்னதை நாங்கள் அன்றிரவு மூணாற்று விடுதியில் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தோம். காற்று ஓர் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்கும். சூடு ஏற ஏற அவ்வளவு கூடும். 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீரைத் தாங்கும். 5 பாகையில் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 0 பாகையில் 5 கிராமுக்கும் குறைவு. எந்த வெப்பநிலையில் காற்று தெவிட்டிப்போய் நீரைக் கக்கத் தொடங்குகிறதோ அதனைப் பனிநிலை என்பர். சிறிய காரின் உள்ளிடம் ஏறத்தாழ 3 கன மீட்டர். வெளிக்குளிரால் கண்ணாடி 5 பாகைக்கு வந்துவிட்டால், உள்ளே மொத்தம் 20 கிராம் நீராவி சேர்ந்தாலே போதும், கண்ணாடியில் நீர் படியத் தொடங்கும். அந்த 20 கிராம் எங்கிருந்து வரும்? சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளியிடுகிறார். ஆறு பேருக்கு 240 கிராம். ஒரு தம்ளர் நிறைய. அதாவது நிமிடத்துக்கு 4 கிராம். வெளிக்காற்று நுழையாத காரில் ஐந்து நிமிடமே போதும்! ஈரமூட்டையும் சுக்குக் காப்பியும் இக்கணக்கில் சேரவில்லை.

ஹீட்டர் ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். உள்ளிருந்த காற்றையே சூடாக்கிக் கண்ணாடிமேல் வீசினோம். சூடான காற்று மூட்டையிலிருந்தும் மிதியடியிலிருந்தும் மேலும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. கண்ணாடியோ இன்னும் சூடேறவில்லை. வேர்வை பெருகாமல் என் செய்யும்?

அத்தையின் ஐயத்துக்கு வருவோம். மூடுபனி என்பது தெவிட்டிய காற்று. நூற்றுக்கு நூறு ஈரப்பதம் உடையது. ஆனால் அது குளிர்ந்த காற்று. 5 பாகையில் கன மீட்டருக்கு 7 கிராம் அளவே அதில் ஆவி இருக்கும். கூடவே மிதக்கும் நுண்துளிகளின் எடை மிகச் சிறிது. அதே காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால், 17 கிராம் தாங்கவல்லது 7 கிராமையே சுமந்து நிற்கிறது. அஃதாவது ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பதாய்க் குறைந்துவிடுகிறது. அது பசித்த காற்று; கண்ணாடியிலுள்ள நீரைக் குடித்துவிடும். வெளியே எவ்வளவு நனைந்து தோன்றினாலும் குளிர்காலத்து வெளிக்காற்று, ஆறு பேர் மூச்சுவிட்ட உட்காற்றைவிட வறண்டதே. எங்கள் இருபது கனடாக் குளிர்காலங்களும் கற்றுத்தராத செய்தி இது. அங்கே எங்கள் கார் புதியது; கண்ணாடிப் பொத்தானை அழுத்தினால் வெளிக்காற்று, ஏ.சி., சூடு மூன்றும் தாமே ஒருங்கு இயங்கிவிடும். பொத்தானே எல்லாம் செய்ததால் நாங்கள் ஒன்றும் அறியாமலே இருந்துவிட்டோம்.

ஏ.சி.யின் பங்கு என்ன என்று சிலர் கேட்கலாம். ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு நில்லாது உலர்த்தவும் செய்கிறது. உள்ளே குளிர்ந்த குழாய்ச் சுருளில் காற்றின் ஈரம் நீராய்ப் படிந்து வெளியே வடிந்துவிடுகிறது. கோடையில் நிறுத்திய காரின் அடியில் சொட்டும் நீர் அதுவே. அவ்வாறு உலர்ந்த காற்றை ஹீட்டர் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. கடுங்குளிரில், உறைநிலையை ஒட்டிய வேளையில், பல கார்களில் ஏ.சி. இயங்காது. அதனால் குறையில்லை, அந்நேரத்து வெளிக்காற்றே போதிய வறட்சி உடையது.

இனி ஊர் திரும்பும்போது நிகழ்ந்த வேடிக்கை. நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு அதே காரில், அதே ஓட்டுநருடன், விடியற்காலையில் போய்க்கொண்டிருந்தோம். கொச்சிப் பக்கத்துக் காற்று சனவரியிலும் வெதுவெதுப்பும் ஈரமும் உடையது. கண்ணாடி மீண்டும் மங்கிற்று. பாடம் கற்ற மாணவர்களாய் நாங்கள் ஏ.சி.யைக் கூட்டினோம், மேலும் மங்கிற்று. துணியால் உட்புறம் துடைத்தோம். துணி நனையவே இல்லை. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வைப்பரை ஒருமுறை ஓட்டினார், கண்ணாடி தெளிந்தது. "இது வெளிய வேர்க்குதுங்கண்ணா" என்றார். ஏ.சி.யின் குளிர்காற்று நேரே கண்ணாடியில் பட்டு அதைக் குளிர்வித்துவிட்டது. வெளியிலிருந்த ஈரக்காற்று அதன்மேல் படிந்துவிட்டது. காற்றின் வாயைக் கண்ணாடியிலிருந்து நெஞ்சுப்பக்கம் திருப்பி, குளிரையும் சற்றுக் குறைத்தவுடன் தொல்லை நின்றது. ஆகவே முதலில் ஒரு விரலால் உட்புறத்தைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. ஈரம் விரலில் ஒட்டினால் ஒரு மருந்து. ஒட்டாவிட்டால் வேறொரு மருந்து. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் உள்ள அன்பர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வகையே வாய்க்கும்.

கைவைத்தியங்களைப் பற்றியும் பலர் எழுதிக் கேட்பதுண்டு. வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்ப்பது, சவர்க்காரத்தை மெல்லப் பூசி உலர்ந்த துணியால் துடைப்பது, சவரக் குழைவைத் தடவுவது எல்லாம் வழக்கில் உண்டு. மழைக்காலத்தில் லாரி ஓட்டுநர்கள் புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சவர்க்காரம் ஓரளவு பயன் தருவது உண்மையே. அது நீர் படிவதைத் தடுப்பதில்லை. படிந்த நீர் நுண்துளிகளாய் நிற்காமல் மெல்லிய ஏடாய்ப் பரவச் செய்கிறது, அதனால் ஊடே பார்க்க முடிகிறது. சில நாளில் மறைந்துவிடும்; இரவில் எதிர் விளக்கொளியில் கூசவும் செய்யும். எங்கள் கருத்தில் இவற்றைவிட மேலானது, உட்புறக் கண்ணாடியைத் தூய்மையாக வைத்திருப்பதே. புகையும் எண்ணெய்ப் பசையும் கைவிரல் அழுக்கும் படிந்த கண்ணாடியில் துளிகள் எளிதில் பற்றிக்கொள்கின்றன. பிள்ளைகள் வரைந்த யானை, மறுமுறை நீர் படியும்போது அதே இடத்தில் மீண்டும் தோன்றுவது இதனால்தான்! உப்பையோ அரிசியையோ துணிப்பையில் கட்டிவைப்பதால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. புட்டிகளில் வரும் சிலிக்கா மணிகள் நன்கு உறிஞ்சும். ஆனால் அவ்வப்போது சூடாக்கி உலர்த்தினால்தான் மறுபடி உழைக்கும்.

குளிர்நாட்டு இல்லங்களில் ஈரம் பெரிதும் காலணி வழியே வருகிறது. ஒட்டிய பனி உருகி இரப்பர் மிதியடியில் குட்டையாய்த் தேங்கும். இரவெல்லாம் ஆவியாகிக் காலையில் கண்ணாடியில் ஏறும், கடுங்குளிரில் உட்புறத்திலேயே உறைந்தும் போகும். ஏறுமுன் காலணியைத் தட்டிவிடுவதும், மாலையில் மிதியடியை வீட்டுக்குள் கொண்டுவந்து உலர்த்துவதும் எங்கள் வீட்டில் இப்போது பிள்ளைகளின் பொறுப்பு. காற்று நுழையும் வாயில் இருக்கும் வடிகட்டி அடைத்துப்போயிருந்தாலும் கண்ணாடி தெளியத் தாமதமாகும். எந்த ஈரமும் இல்லாதபோதும் நாள்தோறும் மங்குமாயின் கதவோரத்து இரப்பரில் ஒழுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். கண்ணாடியில் எண்ணெய்ப் பசைபோல் படிந்து இனிப்பான வாடையும் வீசினால், ஹீட்டர்க் குழாயிலிருந்து எஞ்சின் குளிர்நீர் கசிகிறது என்று பொருள். தாமதியாமல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிரித்தானியாவில் வாழும் அன்பர்கள், அந்நாட்டு நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 229-ஆம் விதியை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. பனிக்காலத்தில் புறப்படுமுன் எல்லாக் கண்ணாடிகளும் தெளிந்திருக்க வேண்டும் என்கிறது அது. முன்னால் ஒரு சாண் வட்டம் துடைத்துக்கொண்டு புறப்படும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி.

கண்ணாடி தெளியட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு, மூடிய கொட்டகைக்குள் காரை நிறுத்திவைப்பது பெருந்தீங்கு. புகைக் குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதுபோல் வந்து உயிரைக் கொண்டுபோய்விடும். வெளியே நிறுத்தினாலும் புகைக் குழாயின் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே எஞ்சினை முடுக்க வேண்டும். குளிர்ப் பயணத்தில் சன்னல்களை மூடி, எஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் உறங்குவதும் இதைப் போன்றதே. இதை எங்கள் ஓட்டுநர்த் தம்பியிடமும் சொன்னோம். சுற்றுலாக் காலத்தில் இரவுகளில் காரிலேயே படுப்பவர் அவர். "சன்னலைக் கொஞ்சம் எறக்கி, எஞ்சினை நிறுத்திட்டுத்தானுங்க படுக்கறது" என்றார்.

உறைபனியைப் பார்த்தோமா என்று கேட்பீர்கள். வாகுவரையில் நின்ற நேரம் போக எஞ்சிய வழியை மெல்ல ஏறி, இரவிகுளத்துப் பூங்காவின் வாயிலை அடைந்தபோது வெயில் நன்றாய் ஏறிவிட்டிருந்தது. புல்நுனிகளில் நீர் மட்டும் மின்னிற்று. 1978-இல் தேசியப் பூங்காவான அவ்விடத்தில் வரையாடுகள் இரண்டு, எங்களைச் சட்டை செய்யாமல் பாறைமேல் நின்று மென்றுகொண்டிருந்தன. மூத்தவனுக்கு ஏமாற்றம்தான். அத்தையோ காரின் கூரைமேல் விரித்துக் கட்டியிருந்த துண்டுகளைத் தொட்டுப் பார்த்து, "இப்பத்தான் காஞ்சிருக்குது" என்று சொல்லி ஒவ்வொன்றாய் மடிக்கத் தொடங்கினார்கள்.